போகிற வழியில் நிழல்

எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'சைக்கிளில் பசுமையை ரசிக்க ஏற்றது நகரமா, கிராமமா?' பட்டிமன்றத் தலைப்புதான். ஆனால் நடுவரும் இல்லை, எதிரணியும் இல்லை, நான் ஒருவன்தான் வந்திருக்கிறேன். அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிக்க என்று கேட்டால், நகரம். நம் பெங்களூரின் அல்சூரிலிருந்தும் மர்ஃபி டவுனிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் வந்திருக்கிற உங்களில் பலருக்கு ஊரில் ஒரு வீடோ கொஞ்சம் நிலமோ இருக்கும். கோபம் வருவது நியாயம்தான். கொஞ்சம் பொறுங்கள். இந்தத் தீர்ப்பில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், தென்பெண்ணை ஓரம். மாந்தோப்பு, தென்னை, நெல் என்று பச்சைக்கு அங்கே குறைவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு பட்டா உண்டு. மாமரம் பூ வைக்கும்போதே தோப்பு குத்தகைக்காரர் கைக்குப் போய்விடும். காய் பிடித்தால் காவலுக்கு ஆள், ஆளுக்குத் துணையாக நாய். சும்மா உள்ளே சைக்கிளை விட்டால் "யார் வீட்டுப் பையன்டா அது?" என்று குரல் வரும். வரப்பில் சைக்கிள் போகாது. பொதுவில் மிச்சம் இருப்பது ஏரிக்கரையும் கோயில் பக்கத்து அரசமரத்தடியும். ஏரிக்கரையில் பாதி முள்ளுக்காடு. அரசமரத்தடியில் சீட்டாட்டம்.

சைக்கிளும் ஊரில் சும்மா ஓட்டுகிற வண்டி கிடையாது. கேரியரில் பால் கேன், ஹேண்டில்பாரில் தூக்குவாளி, அறுப்புக் காலத்தில் பின்னால் புல்லுக்கட்டு. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது என் பெரியப்பா கேட்டார்: "ஏம்ப்பா, பெங்களூருல சம்பாதிச்சும் இன்னும் சைக்கிள்தானா? ஒரு வண்டி வாங்கக் கூடாதா?" வண்டி இருக்கிறது, சைக்கிள் சும்மா ஓட்டுவதற்குத்தான் என்றேன். "சும்மாவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பால் கேனோடு காலமெல்லாம் மிதித்த மனுஷர். அவருக்கு இது புரிந்தே ஆக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பெண்கள் விஷயம் இன்னும் கஷ்டம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய பலமாக நின்றார். கல்குவாரி வேலைக்குப் போகிறவர், பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக் குடத்தைப் பின்னால் கட்டி மிதித்தவர் என்று ஒரு மாவட்டமே மாறியது. தமிழக அரசு 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, சில வருஷங்களில் அதை மற்ற மாணவர்களுக்கும் விரித்தது. இவையெல்லாம் பெரிய காரியங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒரு பெண் சாயங்காலம் சைக்கிளை எடுத்தால் 'எங்கே போகிறாய்?' என்று நாலு பேர் கேட்பார்கள். எங்கேயும் இல்லை, காற்று வாங்க என்று பதில் சொல்ல முடியாது. இங்கே பெங்களூர் கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கப்பன் பார்க்கில் ஞாயிறன்று மோட்டார் வண்டிகளை விடமாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் காலை ஏழு மணிக்கு உள்ளே போய்ப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போங்கள். சின்னச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு முதல் முறை ஓட்டும் குழந்தை, சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடி மூச்சு வாங்கும் அப்பா, சல்வாரோடு தயங்கித் தயங்கி மிதிக்கும் ஐம்பது வயது அம்மா. எல்லாருக்கும் அந்த ரோடு சொந்தம். 1870இல் பிரிட்டிஷ் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி திட்டமிட்ட பூங்கா அது. அன்றைக்கு யாருக்காகக் கட்டினார்கள் என்பது வேறு கதை. இன்றைக்கு அங்கே யாரும் யாரிடமும் பட்டா கேட்பதில்லை.

அப்புறம் இந்த ஊரின் மரங்கள். லால்பாக் தோட்டத்தை 1760இல் ஹைதர் அலி தொடங்கினார் என்பது பள்ளிப் பாடம். அதைவிட நமக்கு முக்கியமானவர், 1908இல் அங்கே பொறுப்புக்கு வந்த ஜெர்மன்காரர் கிரும்பிகல். ஒரு மரத்தின் பூ முடியும்போது அடுத்ததன் பூ தொடங்க வேண்டும், வருஷம் முழுக்கத் தெருவில் எங்கேயாவது ஏதாவது பூத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கணக்கோடு இந்த ஊரில் மரம் நடவைத்தவர். தை, மாசியில் தபேபூயா, பங்குனியில் ஜகரண்டா, சித்திரையில் மயில்கொன்றை. காரில் போகிறவருக்கு இவை கண்ணாடிக்கு வெளியே ஓடும் நிறங்கள். சைக்கிளில் போகிறவருக்கு எந்தத் தெருவில் எந்த வாரம் என்பது மனப்பாடம்.

2019இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடத்தில் கழித்தவர்கள், தங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக மற்றவர்களைவிட அதிகம் சொன்னார்கள். அந்த 120 நிமிடத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் சரி, பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் சரி, பலன் ஒன்றுதான். நந்தி மலைக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் காரில் கிளம்பி, ஏறும் வழியில் வரிசையில் நின்று, மேலே பனியைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். தினம் இருபது நிமிடம் மரத்தடியில் சைக்கிள் மிதித்தாலே வாரத்துக்கு 140 நிமிடம் ஆகிவிடுகிறது.

சரி, இப்போது ஓட்டைக்கு வருகிறேன்.

தினம் இருபது நிமிடம் மரத்தடியில் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எந்த மரத்தடியில்? கென்சிங்டன் ரோட்டில், அல்சூர் ஏரியையும் ராணுவ முகாமையும் ஒட்டிப் போகிறவரை பிரச்சினை இல்லை. அங்கே இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் புண்ணியத்தில் மரங்கள் தப்பித்திருக்கின்றன. டிரினிட்டி தாண்டி எம்.ஜி. ரோட்டில் ஏறுங்கள். மெட்ரோ வருவதற்கு முன்னால் மரங்களோடு ஒரு நடைபாதை அங்கே இருந்தது, வயதில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போதும் மெட்ரோ பாலத்தின் நிழல் விழத்தான் செய்கிறது. ஏப்ரல் மதியத்தில் அந்தக் காங்கிரீட் நிழலில் நின்று பாருங்கள், அடிக்கும் காற்று அடுப்படிக் காற்று. பூங்காவுக்கும் பூங்காவுக்கும் நடுவில் வெயில்தான்.

இந்த ஊர் சிக்னல்களில் ஒரு வேடிக்கை உண்டு. சிவப்பு விழுந்ததும் பைக்குகள் கோடு வரை போகாது. கோட்டுக்கு ஐம்பது அடி முன்னால் ஒரு புங்கை மரம் இருக்கும், அதன் கீழேயே எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். கோட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ரோடு காலியாகக் கிடக்கும். பின்னால் காரில் ஏசியோடு இருப்பவர் ஹாரன் அடிப்பார். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்துவிட்டு அசையாமல் இருப்பார். எந்தப் போலீஸ்காரரும் போடாத அந்தக் கோட்டை மரம் போட்டிருக்கிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சூழலியல் ஆய்வாளர் ஹரிணி நாகேந்திராவும் அவரோடு வேலை செய்தவர்களும் இதே பெங்களூரில் மரமுள்ள ரோடுகளையும் மரமில்லாத ரோடுகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். மரமுள்ள இடத்தில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைவு. தார் ரோட்டின் மேற்பரப்பில் வித்தியாசம் 27 டிகிரிக்கும் மேல் போனது. காரில் இருப்பவருக்கு இது செய்தி. அந்தத் தாருக்கு மேலே ஒன்றிரண்டு அடி உயரத்தில் கால் சுற்றிக்கொண்டிருக்கிறவருக்கு, மிதிக்கலாமா இறங்கித் தள்ளலாமா என்பதே இதில்தான் இருக்கிறது.

2020இல் அவுட்டர் ரிங் ரோட்டில் தனியாக ஒரு சைக்கிள் பாதை பிரித்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். கம்பங்களை உடைத்துக்கொண்டு பைக்குகள் நுழைந்தன, பிறகு மெட்ரோ வேலை வந்தது, பாதை போய்விட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மை. ஆனால் ஒன்றை யாரும் சொல்வதில்லை. அந்தப் பாதை பெரும்பாலும் மொட்டை வெயிலில் ஓடியது. கம்பம் நட்டவர்கள் மரம் நடவில்லை. மதியம் அதில் சைக்கிள் குறைவு, காலியான பாதையைப் பார்த்தால் பைக் ஓட்டுகிறவருக்குக் கை சும்மா இருக்குமா? பச்சை பெயின்ட் அடிப்பதற்குப் பதிலாகப் புங்கை வைத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

ஏன் புங்கை என்று கேட்பீர்கள். மயில்கொன்றை அழகு, ஆனால் கோடை மழைக் காற்றுக்குக் கிளை முறியும். தூங்குமூஞ்சி மரம் பிரமாதமான குடை, ஆனால் அதன் காய் நசுங்கிப் பிசுபிசுத்த இடத்தில் பிரேக் பிடித்தால் சைக்கிள் வழுக்கும். புங்கை மாசி, பங்குனியில், வெயில் ஏறுகிற நேரத்திலேயே, புதுத் தளிர் விட்டு அடர்ந்துவிடும். ஏப்ரல் வாக்கில் அதன் பூ ரோட்டில் பொரி இறைத்தாற்போலக் கிடக்கும், டயர் ஏறினால் மெல்லிசாகச் சத்தம் வரும். எங்கேயோ கண்டம் தாண்டி வந்த மரமும் இல்லை, நம் மண்ணின் மரம்.

எங்கள் கிராமத்துப் பக்கமும் இப்போது இதே வழியில்தான் போகிறது. ஊரின் உண்மையான பலம் தோப்பு இல்லை, ரோட்டோரப் புளியமரங்கள். மரத்துக்கு மரம் நம்பர் போட்டு நெடுஞ்சாலைத் துறை புளியை ஏலம் விடும். காய்க்கு ஒரு ஏலதாரர், நிழலுக்கு யாரும் ஏலம் கேட்கவில்லை, அது எல்லாருக்கும் பொது. பள்ளிக்கூடப் பையன் குரங்குப் பெடல் பழகியதும் கரும்பு வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டதும் அந்த நிழலில். நாற்கரச் சாலை வந்தபோது வரிசை வரிசையாக வெட்டினார்கள். பதிலுக்கு நடு மீடியனில் அரளி வைத்தார்கள். அரளி யாருக்கு நிழல் கொடுக்கும்? இன்றைக்கு அந்தச் சாலையோரம் சைக்கிளில் போகிறவரை லாரிக் காற்றே ஓரமாகத் தள்ளிவிடும்.

ஆக, நகரமா கிராமமா என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. பச்சை போய்ச் சேருகிற இடத்தில் மட்டும் இருக்கிறதா, போகிற வழியிலும் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். வழியில் இருந்தால் சைக்கிள் தானாக வரும். இந்த ஊர்க்காரர்கள் அதற்காகச் சண்டை போட்டும் இருக்கிறார்கள். 2016இல் ஹெப்பால் வரைக்கும் எஃகு மேம்பாலம் கட்ட 812 மரங்கள் போகும் என்றபோது ஜனங்கள் ரோட்டில் கைகோத்து நின்றார்கள். மறு வருஷம் மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கர்நாடகத்தின் 1976ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு பொதுப்பணிக்கு ஐம்பது மரத்துக்கு மேல் வெட்ட வேண்டுமானால் அறிவிப்பு கொடுத்து மக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும். நாம் தமிழர்கள், வந்தவர்கள், நமக்கென்ன என்று அந்த அறிவிப்பை ஒதுக்கிவிடாதீர்கள். வெயில் மொழி பார்த்து அடிப்பதில்லை.

நமக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நந்தி மலையைச் சுற்றித்தான் பாலாறும் தென்பெண்ணையும் அர்க்காவதியும் பிறக்கின்றன. அந்தத் தென்பெண்ணை நம் பக்கம் வருகிற வழியில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவும் அதில் சேருகிறது. 2015இல் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பிடித்து எரிந்ததைப் பார்த்தீர்கள். அதே தண்ணீர் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கி, கிருஷ்ணகிரி அணை வழியாக என் பெரியப்பாவின் வயலுக்குப் போகிறது. நகரத்துப் பசுமை வேறு, கிராமத்துப் பசுமை வேறு என்று பிரிப்பவர்கள் பெல்லந்தூரிலிருந்து ஒரு முறை ஆற்றோரமாகவே சைக்கிளில் கீழே போய் வரட்டும். மூக்கே சொல்லிவிடும்.

இரண்டையும் ஒரே காலையில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஜிகணி தாண்டி, ஆனேக்கல் தாண்டி, தளி ரோடு. குளிர்ந்த ஊர், வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். ரெண்டு பக்கமும் ராகிக் கொல்லை, ரோட்டில் நிழலும் பரவாயில்லை. மடிக்கிற சைக்கிள் வைத்திருப்பவர்கள் நகருக்குள் பாதித் தூரத்தை மெட்ரோவிலேயே கழித்துவிடலாம். 15 கிலோவுக்குள் இருந்தால் கடைசிப் பெட்டியில் ஏற்ற 2021 முதல் அனுமதி உண்டு. ஒன்று மட்டும் கவனம். ராகி முற்றுகிற ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி பக்கம் இறங்கும். பொழுது நன்றாக விடியாமல் அந்தப் பக்கம் மிதிக்காதீர்கள். ஆனேக்கல்லில் டீ குடிக்கும்போதே கடைக்காரரிடம் "நேத்து ராத்திரி எந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி, வணக்கம்.