உப்புப் போத்தல் இருந்த இடம்

நேயர்களுக்கு வணக்கம். சமையலறையில் உப்புப் போத்தல் எங்கே இருக்கும் என்று பார்க்காமலே கை போகும், இல்லையா? ஒருநாள் காலையில் யாரோ நல்ல மனதோடு எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிவிடுகிறார்கள். அடுப்பில் கறி கொதிக்கிறது, கை வெறும் தட்டைத் தடவுகிறது. நான் பேச வந்தது அந்தக் கையைப் பற்றி.

தமிழ் விக்கிப்பீடியாவில் நான் நிர்வாகி. சம்பளம் இல்லாத வேலை. வெள்ளவத்தை வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறப்பேன். யாரோ ஒரு ஊர்க் கட்டுரையை அழித்துவிட்டுத் தன் நண்பனின் பெயரை எழுதியிருப்பார். மீளமைப்பேன். ஒரு பிறந்த ஆண்டு மாறியிருக்கும். உடனே இடப்பக்கத்தில் இருந்த மொழிப் பட்டியலுக்குப் போய், அதே கட்டுரையைச் சிங்களம், ஆங்கிலம் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். பிறகு வெக்டர் 2022 என்ற புதிய தோற்றம் வந்தது. மொழிப் பட்டியல் மேலே ஒரு பொத்தானுக்குள் போனது, இடப்பக்கத்தில் பொருளடக்கம் வந்து உட்கார்ந்தது. பல வாரம் என் கை பழைய இடத்துக்கே போனது. இப்போது அந்தப் பொருளடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொகுக்கிற எங்களைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள் என்கிறேன்.

கேட்காவிட்டால் என்ன ஆகும்? ஜெர்மன் விக்கிப்பீடியாவில் 2014இல் நடந்ததைச் சொல்கிறேன். படத்தைச் சொடுக்கினால் கறுப்புத் திரையில் பெரிதாகக் காட்டும் மீடியா வியூவர் என்ற வசதி வந்தது. எடுத்தவர் பெயரும் உரிமமும் சரியாகக் கண்ணில் படவில்லை என்று தொகுப்பவர்கள் குறைப்பட்டார்கள். அதைத் தானாக இயங்க விடவேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஓகஸ்டில் ஒரு நிர்வாகி தள நிரலில் கைவைத்து அதை நிறுத்தினார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை என்ன செய்தது தெரியுமா? சூப்பர்புரொடெக்ட் என்று ஒரு புதுப் பூட்டைச் செய்து அந்த நிரல் பக்கத்தைப் பூட்டியது. சமூகம் தேர்ந்தெடுத்த நிர்வாகிகளாலும் திறக்க முடியாத பூட்டு! வருடக்கணக்காக வாசலைக் கூட்டிய ஆளிடமிருந்து சாவியைப் பிடுங்கியது போல. நூற்றுக்கணக்கானோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். 2015 நவம்பரில்தான் பூட்டு போனது. படம் பெரிதாகத் தெரிவதில் யாருக்கு என்ன கோபம்? கோபம் பூட்டின்மேல். மறுபடியும் சொல்கிறேன், பூட்டின்மேல்.

குறியீடு எதுவும் எழுதாமல் பக்கத்தை நேரடியாகத் திருத்த உதவும் விஷுவல் எடிட்டரும் இப்படித்தான் கேட்காமல் வந்தது. 2013 ஜூலையில் ஆங்கில விக்கியில் அவசரமாக வந்தது, பக்கங்களில் வேண்டாத குறியீடுகளைச் செருகியது, செப்டம்பரில் தன்னார்வலர்களே அது தானாகத் திறக்காதபடி பின்னுக்குத் தள்ளினார்கள். ஆனால் அண்மையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என் அருகில் உட்கார்ந்து தன் ஊர்க் குளத்தைப் பற்றி முதல் வரியைச் சேர்த்தாள். விக்கியில் இணைப்புக் கொடுக்கப் போடும் சதுர அடைப்புக்குறி ஒன்றுகூடத் தெரியாது அவளுக்கு. அதே கருவிதான் கைகொடுத்தது. பொறுமையாகத் திருத்திக் கொண்டுவந்திருந்தால் அந்த மனக்கசப்பு எதற்கு?

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, தற்காலிகக் கணக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்குக்குள் நுழையாமல் தொகுப்பவரின் ஐபி முகவரி, அதாவது அவருடைய இணைய இணைப்பின் எண், முன்பு எல்லோருக்கும் தெரிந்தது, இப்போது அதற்குப் பதிலாக ஒரு தற்காலிகப் பெயர். எழுதுபவருக்குப் பாதுகாப்பு, நான் வரவேற்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப வரும் விஷமியைப் பின்தொடர்வது எப்படி என்பதை இரவுக் காவலில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். அப்படிப் பேசுவதற்கு எங்கள் விக்கியில் 'ஆலமரத்தடி' என்றே ஒரு பொது உரையாடல் பக்கம் இருக்கிறது. நீங்களும் வாருங்கள். நன்றி, வணக்கம்.