மின்சாரம் வந்தது, பில் வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். நாடே குரங்கைப் பற்றிப் பேசிச் சிரித்தது. கொழும்பில் சிறிய கடைகளின் கணினிகளைப் பார்த்துக்கொடுக்கும் எனக்கு, சிரிப்பு ஓய்ந்த பிறகுதான் வேலை வந்தது. வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, மின்சாரம் வந்துவிட்டது, கணினியும் எழும்பிவிட்டது. பில் மட்டும் போட முடியவில்லை.”

பில் போடும் திரை வெறும் முகப்பு. கணக்கையும் கையிருப்பையும் வைத்திருக்கும் தரவுத்தளம் திரையில் எங்கும் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படிப் பின்னணியில் ஓடுபவற்றைச் சேவைகள் என்கிறோம். கணினி எழும்பும்போது, நாம் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைவதற்கு முன்பே, அவை தாமாக எழும்ப வேண்டும். அந்தக் கடையில் எழும்பவில்லை.

இந்த இடத்தில் பலரும் கணினியை இன்னொரு முறை அணைத்துப் போடுவார்கள். அல்லது விண்டோஸையே புதிதாக ஏற்றிவிடுவார்கள். இரண்டாவது வேலைக்குக் காசு வாங்குபவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. எந்தச் சேவை, எத்தனை மணிக்கு, ஏன் விழுந்தது என்று அதில் எழுதியிருக்கும். நான் முதலில் திறப்பது அதைத்தான். கூடவே ஒரு பிழை எண்ணும் இருக்கும். 1068 என்றால் இது நம்பியிருந்த இன்னொரு சேவை தொடங்கவில்லை. 1053 என்றால் விண்டோஸ் கொடுத்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. வழக்கமாக அந்த நேரம் 30 விநாடி. மருந்துக்கடையில் இருந்தது 1069. சேவை எந்தப் பயனர் கணக்கின் பெயரில் ஓட வேண்டுமோ, அந்தக் கணக்குக்குள் அதனால் நுழைய முடியவில்லை என்று பொருள்.

முதலாளியிடம் கேட்டேன். தைப்பொங்கல் கழிந்து ஒரு பையன் வேலையை விட்டுப் போயிருக்கிறான். அவர் அன்றைக்கே கணினியின் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் தரவுத்தளமும் அதே கணக்கில்தான் ஓடியது. பழைய கடவுச்சொல்லை இன்னமும் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படி அமைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நான்தான்.

அவர் கேட்டது வேறு, நல்ல கேள்வி. “தினமும் இரவு அணைக்கிறோம், காலையில் போடுகிறோம். இத்தனை நாளும் ஓடியதே?”

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ அழுத்தினால் கணினி முழுமையாக அணைவதில்லை. உள்ளே ஓடும் அடிப்படைப் பகுதியை, சேவைகளோடு சேர்த்து, வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. காலையில் அது விழிக்கிறது, அவ்வளவுதான். சேவை மறுபடி உள்நுழையத் தேவையே இருக்கவில்லை. மின்வெட்டில், மின்கலத்தில் சற்று நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸும் தீர்ந்துபோனபோதுதான் எல்லாம் அடியோடு நின்று, அடியிலிருந்து தொடங்கியது. ஆக, பிழை நடந்தது பொங்கலுக்குப் பிறகு; தெரிந்தது குரங்கின் தயவில். அதனால்தான் “நேற்று என்ன செய்தீர்கள்” என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். கடைசியாக முழுமையாகத் தொடங்கிய நாளுக்குப் பிறகு எது மாறியது என்று கேட்கிறேன்.

எல்லாம் கடவுச்சொல் சிக்கல் அல்ல. சேவையைக் கையால் தொடக்கினால் ஓடுகிறது, தானாக மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் வரிசைதான் பிசகியிருக்கும். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் அதிகாலையில் வெங்காய லொறி வந்து நிற்கும்; மூட்டை தூக்கும் நாட்டாமிகளும் தயார்; திறப்பு வைத்திருப்பவர் இன்னும் பஸ்ஸில். வலையமைப்பு எழும்புமுன் அதைத் தேடும் சேவையின் கதியும் இதுதான். விண்டோஸில் அந்தச் சேவையைத் தாமதமாகத் தொடங்கும் வகைக்கு மாற்றினால், மற்றவை தொடங்கிச் சுமார் இரண்டு நிமிடம் கழித்து அது வரும். எந்தச் சேவை எழும்பிய பிறகு இது எழும்ப வேண்டும் என்று சரியாகக் குறிப்பிடுவது இதைவிட ஒழுங்கான வழி. தாமதம் என்பது ஒரு ஊகம்தானே.

விண்டோஸுக்குப் பதிலாகச் சிலர் ஓட்டும் லினக்ஸில் இன்னொரு பழைய பொறி: ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் சேவை இப்போது ஓடும், ‘எனேபிள்’ கொடுத்தால்தான் அடுத்த தொடக்கத்திலும் வரும். முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

மருந்துக்கடைக்கு வருகிறேன். தரவுத்தளத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று அமைத்தேன். கடை மூடும்வரை காத்திருந்து, ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தேன். அது விரைவுத் தொடக்கத்தைத் தாண்டி எல்லாவற்றையும் புதிதாகத் தொடக்கும். சேவை எழும்பியது, பில் வந்தது. பிறகு ‘ஷட் டவுன்’ கொடுத்து, மறுபடி போட்டேன். பில் வந்தது. முதலாளி கதவைப் பூட்டக் கையில் திறப்போடு நின்றார். மூன்றாவது தடவையாக, யூபிஎஸ்ஸின் வயரைச் சுவரிலிருந்து கழற்றி, அது தீரும்வரை இருவரும் வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

வணக்கம்.