ஒரு டிஷ்யூவும் பழைய டீசல் எக்ஸ்5-உம்: நான் பெட்ரோல் பக்கம் சாய்ந்த கதை

வணக்கம், வாங்க. காப்பி-ஓ கையில் இருக்கிறது, நீல நோட்டும் மேசைமேல் இருக்கிறது. அப்படியென்றால் இன்றைக்குக் கணக்கு வீடியோ என்று உங்களுக்கே தெரியும். ஆனால் கணக்குக்கு முன்னால் இதைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். வெள்ளை டிஷ்யூ. இந்த மூலையில் என் ஆள்காட்டி விரல் அளவுக்கு ஒரு கறுப்புத் தடம். மை மாதிரி. கழுவினாலும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை, இதோ இன்னும் இருக்கிறது.

இது சனிக்கிழமை உபி வட்டாரத்தில், பழைய கார் விற்கும் ஓர் இடத்தில் எடுத்தது. போன மாதம் நம்ம பழைய செடானை விற்ற வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏழு பேர் உட்காரும் வண்டி தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பா, அம்மா, மாமியார், பிள்ளைகள் இரண்டு பேர், நாங்கள் இருவர். புது வண்டி வாங்கும் கதையே இல்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் பத்து வருடம் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ், 1,50,001 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனதிலிருந்து அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. அதனால் 2018-இல் பதிவான பிஎம்டபிள்யூ எக்ஸ்5, மூன்றாவது வரிசை இருக்கைகளோடு. அதில் இரண்டு வகை என் பட்டியலில் இருந்தன. ஒன்று 25டி, இரண்டு லிட்டர் டீசல். மற்றொன்று 35ஐ, மூன்று லிட்டர் பெட்ரோல். நிறைய பேர் வால்வோ எக்ஸ்சி90 பாருங்களேன் அக்கா என்று எழுதியிருந்தீர்கள். டி5 பெட்ரோல் இரண்டு லிட்டருக்குள்தான், சாலை வரியும் பாதி. நல்ல வண்டி. ஆனால் நான் பார்த்ததில் எல்லாம் உட்புறம் வெளிர் நிறம். பிள்ளைகள் மைலோ குடிக்கிற வீட்டில் வெளிர் நிறம் வேண்டாம்.

சரி, உபிக்கு வருவோம். விற்பனையாளர் முதலிலேயே ஆரம்பித்துவிட்டார். "மேடம், டீசல் இனிமேல் கிடைக்காது. அரிய பொருள். அதனால்தான் 2,000 வெள்ளி கூட." இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களைப் பதிவு செய்ய முடியாது, அது உண்மைதான். ஆனால் அது எப்படி விலையைக் கூட்டும்? அரசாங்கம் வேண்டாம் என்று கதவைச் சாத்திய ஒன்றை, கிடைக்காத மாம்பழம் மாதிரி விற்பதா? 2040-க்குள் எல்லா வண்டிகளும் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும் என்பதுதான் நாட்டின் திட்டம். நாளைக்கு நான் விற்கப் போகும்போது என்னிடம் வாங்குபவரும் இதையெல்லாம் கேட்பார்தானே. அதற்குமேல் நிர்வாகக் கட்டணம் என்று தனியாக 500 வெள்ளி வேறு. எதற்கு என்று கேட்டேன், "பேப்பர் வேலை" என்றார். பெயர் மாற்றுவது இணையத்தில் செய்கிற காரியம். எந்தப் பேப்பர்?

போகட்டும். வண்டியை ஓட்டிப் பார்த்தேன். ஓட்டியதில் குறை சொல்ல மாட்டேன். 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் 1,500 சுற்றிலேயே கிடைக்கிறது. பார்ட்லி சாலை ஏற்றத்தில் காலை லேசாக வைத்தாலே யானை தள்ளிவிட்ட மாதிரி போனது. பெட்ரோல் 35ஐ-க்கு 306 குதிரைத்திறன் இருந்தாலும் முறுக்குவிசை 400-தான். மனசு டீசலுக்கே போய்விட்டது, மறைக்கவில்லை.

அப்புறம்தான் டிஷ்யூ. தேக்கா உணவங்காடியில் ஓர் ஆன்ட்டி விற்பார் என்று சொல்லியிருக்கிறேனே, அவரிடம் வாங்கியது எப்போதும் என் பையில் இருக்கும். வண்டி நின்று புகைக்குழாய் ஆறட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். இதைத் தயவுசெய்து நீங்களும் செய்யுங்கள், சூடான குழாயில் கை வைக்காதீர்கள். டிஷ்யூவை விரலில் சுற்றி, குழாயின் உள்சுவரில் ஒரே ஒரு தடவை சுற்றித் துடைத்தேன். வெளியே எடுத்தால் இந்தக் கறுப்பு. இன்னொரு டிஷ்யூ எடுத்து அடுத்த குழாயிலும் செய்தேன். அதுவும் கறுப்பு. பக்கத்தில் ஒரு 2017 டீசல் நின்றது. விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு அதிலும் செய்தேன். லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். மூன்றாவது டிஷ்யூவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். விலையில் 1,500 குறைக்கிறேன் என்றார், நான் எதுவும் கேட்காமலே!

ஏன் இவ்வளவு நேரம் இதையே பேசுகிறேன் என்றால், ஒழுங்கான நவீன டீசல் வண்டியின் குழாய் உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும். டிபிஎஃப் என்கிற துகள் வடிகட்டி கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழாயில் கரி இருந்தால் ஒன்று வடிகட்டி விரிசல் விட்டிருக்க வேண்டும், இல்லை யாரோ உள்ளே இருந்ததைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். அந்த வண்டியில் எது நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வெளியே வந்துவிட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. எங்கள் புளோக் கார் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இந்த டிஷ்யூவில் இருப்பது அவர்கள் மூச்சில் போகக்கூடாது. எனக்கு இதில் பேரமே கிடையாது.

ஒரு நிமிடம், வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமலே போகப் பார்த்தேன். அது நிறைந்தால் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர எஞ்சின் கூடுதலாக டீசல் பீய்ச்சும், பத்து இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். நடுவில் நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கும். மறுநாளும் பாதி. எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்க ஆரம்பிக்கும். கடைசியில் விளக்கு எரியும், அப்புறம் வொர்க்‌ஷாப்.

இப்போது என் ஓட்டத்தைப் பாருங்கள். செங்காங் வீட்டிலிருந்து புவாங்கோக் பள்ளி 3 கிலோமீட்டர். அங்கிருந்து அம்மா வீடு ஹவ்காங், 4 கிலோமீட்டர். மாலையில் டியூஷன், இரவில் கடை. ஒரே மூச்சில் இருபது நிமிடம் எஞ்சின் ஓடுவது ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகும்போது மட்டும்தான். அந்தப் பாவப்பட்ட வடிகட்டி வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டும்.

நோட்டைத் திறக்கிறேன். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர். குட்டி ஓட்டத்துக்கு டீசல் நூறு கிலோமீட்டருக்கு 9.5 லிட்டர், பெட்ரோல் 14 என்று வைத்தேன். நிலையத்துப் பலகை அடிக்கடி மாறுகிறது, கணக்குக்காக டீசல் 2.50, பெட்ரோல் 2.80. டீசலுக்கு 2,137 வெள்ளி, பெட்ரோலுக்கு 3,528. கிட்டத்தட்ட 1,390 வெள்ளி வித்தியாசம். இந்த விலை வித்தியாசத்துக்குப் பின்னால் வரி இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து 95 ஆக்டேன் பெட்ரோலில் லிட்டருக்கு 66 காசு தீர்வை, 98-இல் 79 காசு. டீசலில் 2019-இல் உயர்த்திய பிறகு 20 காசுதான்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். போன வீடியோவில் டீசல் காருக்கு இருக்கும் சிறப்பு வரியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இரண்டு பேர் சரியாகப் பிடித்தீர்கள், நன்றி. சாலை வரியோடு எஞ்சின் அளவை வைத்து அது தனியாக வரும். 2017-இலும் 2019-இலும் ஆண்டுக்கு நூறு நூறு வெள்ளி குறைத்தார்கள், ஆனால் எடுத்துவிடவில்லை. இருந்தாலும் இந்த இரண்டு எக்ஸ்5-இல் டீசல் இரண்டு லிட்டர், பெட்ரோல் மூன்று லிட்டர். பெட்ரோலின் சாலை வரி மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,360 வெள்ளி, டீசலுடையது 1,206. சிறப்பு வரியைச் சேர்த்தாலும் டீசல்தான் குறைவு. ஆக, ஆண்டுக்கு 1,700 வெள்ளிக்குமேல் டீசலில் மிச்சம். நான் பெட்ரோல் பக்கம் பேசுகிறேன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

ஆனால் வடிகட்டியை மாற்ற எனக்கு ஒரு வொர்க்‌ஷாப்பில் சொன்ன விலை 4,800 வெள்ளி. சிஓஇ முடிய இருக்கும் காலத்தில் நான் மிச்சம் பிடிக்கும் மொத்தக் காசும் அந்த ஒரே ரசீதில் போய்விடும். என் ஓட்டத்துக்கு அந்த ரசீது வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆட்புளூ என்கிற யூரியாக் கரைசலை வேறு மறக்காமல் ஊற்ற வேண்டும், தீர்ந்தால் வண்டியை அணைத்த பிறகு திரும்பக் கிளம்பாது. ஏழு பேரோடு நடுவழியில் எனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

என் தம்பிக்கு நான் எதிர்மாறாகச் சொல்வேன். அவன் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறான், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துவாஸ் இரண்டாவது பாலம் வழியாக மலாக்கா போகிறான். போக மட்டுமே இருநூறு கிலோமீட்டருக்குமேல் நெடுஞ்சாலை. அவன் வடிகட்டிக்கு ஒரு குறையும் வராது. தாராளமாக டீசல் வாங்கட்டும், டிஷ்யூவை நான் தருகிறேன். ஆனால் ஜோகூரில் மலிவாக டீசல் போடலாம் என்று வாங்கினால் தப்பு. 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியத்தை எடுத்தபோது ஒரே இரவில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது, அவனே புலம்பினான். பெட்ரோலுக்கும் அங்கே நமக்குச் சலுகை இல்லை, வெளிநாட்டு வண்டிகள் 95-ஐத் தொடக்கூடாது, 97-தான்.

இன்னொன்று, இது இரண்டு வண்டிக்கும் பொது. இந்த 2018 வண்டிகளைப் பத்து வருடத்துக்குள் பதிவு ரத்து செய்தால், முதலில் பதிவு செய்தபோது கட்டிய ஏஆர்எஃப் என்கிற கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பி வரும், ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் அது பாதி. வண்டி இறக்குமதியானபோது இருந்த சந்தை மதிப்பு, அதாவது ஓஎம்வி, 55,000 வெள்ளி என்று வைத்தால் 2018 கணக்கில் ஏஆர்எஃப் 71,000, திரும்புவது 35,500. விளம்பரத்தில் விலையை மட்டும் பார்க்காதீர்கள், ஓஎம்வி எவ்வளவு என்று கேளுங்கள். சிஓஇ-யைப் புதுப்பித்தால் இந்தக் காசு போய்விடும், சாலை வரியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஐம்பது வரை ஏறும். நான் புதுப்பிக்கப் போவதில்லை. கடனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: ஓஎம்வி 20,000-ஐத் தாண்டினால் விலையில் 60 விழுக்காடுதான் கடன்.

இப்போது நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமை பாசிர் ரிஸ்ஸில் ஒரு பெரியவரிடம் பெட்ரோல் 35ஐ பார்த்தேன். நேரடி உரிமையாளர், நிர்வாகக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. 78,000 கிலோமீட்டர். எல்லா ரசீதும் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைலில், தேதி வரிசையாக. ஆயில் எப்போது மாற்றினார், பேட்டரி எப்போது, டயர் எந்தக் கடை, எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறார். எட்டு வயது டர்போ பெட்ரோல் என்றால் எந்த பிராண்டாக இருந்தாலும் நம்ம வெயிலுக்கு ரப்பர் கேஸ்கெட் காய்ந்து ஆயில் கசியலாம், தண்ணீர் பம்ப் போகலாம். அதனால் அடியில் படுத்து டார்ச் அடித்தேன், என் வீட்டுக்காரர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் அடிப்பக்கம் கசிவில்லாமல் காய்ந்துதான் இருந்தது. பெரியவர் எனக்கு பார்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, "பொறுமையா பாருமா" என்றார்.

வியாழக்கிழமை அந்த வண்டி ஆய்வு மையத்துக்குப் போகிறது, கட்டணம் என்னுடையது. கசிவு ஏதாவது இருந்தால் பழுதுக்கான தொகையை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அறிக்கை வந்ததும் அடுத்த வீடியோவில் பக்கம் பக்கமாகக் காட்டுகிறேன். 35ஐ ஓட்டுகிறவர்கள் நகருக்குள் உங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஆகிறது என்று எழுதுங்கள், நான் போட்ட 14 சரியா என்று பார்க்க வேண்டும்.