நடுவில் சேர்ந்த வேலை

நேயர்களுக்கு வணக்கம். வண்ணாரப்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ மாடி எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்திருப்பார்கள். தாளில் ஒரு வரி இருக்காது. அதனால் அது ஒப்பந்தமே ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆகும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சையும் ஏற்கிறது. பேச்சு செல்லும், அதை மெய்ப்பிப்பதுதான் பெரும்பாடு.

நான் நடத்திய வழக்கு ஒன்று. தண்டையார்பேட்டையில் ஒரு வீடு. தளம் போட்ட பிறகு வீட்டம்மா, "படிக்கட்டுக்கு மேலே ஓர் அறை எழுப்பிவிடுங்கள் மேஸ்திரி, சமையலறையில் ஒரு பரணும் வேண்டும்" என்றார். "ஆகட்டும் அம்மா" என்றார் அவர். விலை பேசவில்லை. சண்டை பெரும்பாலும் இப்படி நடுவில் சேரும் வேலையில்தான் பிறக்கிறது. முடிந்ததும், எல்லாம் பேசிய தொகைக்குள் அடக்கம் என்றார்கள் வீட்டார்.

மேஸ்திரி தம் சட்டைப்பை நோட்டை என்னிடம் நீட்டினார். சிமென்ட் படிந்து தாள்கள் ஒட்டிக்கிடந்தன. சனிக்கிழமைதோறும் எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், கூலி எவ்வளவு என்று பென்சிலால் குறித்திருந்தார். அருமையான கணக்கு. ஆனால் கணக்கு நோட்டு ஒன்றை மட்டுமே வைத்து ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்தச் சட்டம் இடம் தராது. இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அமர்த்தும் வழக்கறிஞரான அட்வகேட் கமிஷனரைக் கேட்டு மனுப் போட்டோம். அவர் பொறியாளரோடு வந்து அறையை அளந்தார். எதிர்வீட்டுக்காரர் சாட்சி சொன்னார். ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு கைகொடுத்தது: இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும். பணம் வந்தது. அதற்குள் அவருடைய சித்தாட்கள் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டிருந்தார்கள்.

கூடுதல் வேலை வந்தால் அன்றைக்கே எழுதுங்கள். மறுபடியும் சொல்கிறேன், அன்றைக்கே. அதே நோட்டில் இரண்டு வரி, இருவர் கையெழுத்து.

முன்பணம் வாங்கிக்கொண்டு பாதியில் போய்விடும் மேஸ்திரியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. வேறு ஆளை வைத்து முடிக்க ஆன கூடுதல் செலவை அதே ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவின்படி கேட்கலாம். உரிமையியல் வழக்குக்குக் கெடு 3 ஆண்டுகள், நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகள். கூலி பாக்கி நிற்கும் சித்தாள் பெண்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. வணக்கம்.