பெல்லா கோத்துக்கு வயது எத்தனை?

[திரையில்: சிவப்பு உடையில் பெல்லா]

வணக்கம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி சிம்ஸ்’ என்ற, மனிதர்களின் அன்றாட வாழ்க்கையை நடத்திப் பார்க்கும் கணினி விளையாட்டை ஆடியவர்களுக்குக் கோத் குடும்பம் பழக்கமானது: மார்ட்டிமர், அவருடைய மனைவி பெல்லா, சிறுமி கசாண்ட்ரா. அதில் எத்தனை மாதம் விளையாடினாலும் கசாண்ட்ரா வளரவே மாட்டாள் என்பதால், காலக்கணக்கு இடறுவதற்கு வழியே இருக்கவில்லை.

2004இல் வந்த இரண்டாம் பாகம் கதையை 25 ஆண்டுகள் முன்னே நகர்த்தியது. மார்ட்டிமர் முதியவராகிவிட்டார், கசாண்ட்ராவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது, அலெக்சாண்டர் என்ற சிறுவனும் வீட்டில் இருந்தான். பெல்லாவை மட்டும் காணவில்லை. டான் லொத்தாரியோவின் வீட்டு மாடியிலிருந்து வேற்றுக்கிரகவாசிகள் அவரைக் கடத்தியதாக விளையாட்டே குறிப்புக் காட்டுகிறது. அந்த டான்தான் கசாண்ட்ராவின் வருங்கால மாப்பிள்ளை. மாமியாராக வேண்டியவருக்கு அங்கே என்ன வேலை என்பது தனி விசாரணைக்குரியது.

[திரையில்: ஸ்ட்ரேஞ்ச்டவுன் பாலைவனம்]

பெல்லா காணாமற்போன பிளசன்ட்வியூ என்ற ஊரை விட்டு, அதே விளையாட்டின் இன்னோர் ஊரான ஸ்ட்ரேஞ்ச்டவுனுக்குச் சென்றால், அங்கே பெல்லா கோத் என்ற பெயரிலேயே ஒருவர் நடமாடுகிறார். ஆனால் கணவரைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ எந்த நினைவும் அவரிடம் இல்லை. கடத்தப்பட்டதால் நினைவிழந்தார் என்று ரசிகர்கள் விளக்குகிறார்கள். எனக்கு இயந்திரக் காரணமே வலுவாகப் படுகிறது: அந்த விளையாட்டில் ஒவ்வோர் ஊரும் தனித்தனிக் கோப்புத் தொகுப்பு என்பதால், ஓர் ஊரில் பதிந்த உறவுகள் இன்னோர் ஊருக்குக் கூடவே வருவதில்லை, ஆகவே ஸ்ட்ரேஞ்ச்டவுன் பெல்லா புதிதாக உருவாக்கப்பட்ட இன்னொரு பாத்திரம்.

இதைவிடச் சுவையான முடிச்சை 2009இல் வந்த மூன்றாம் பாகம் போட்டது. முதல் பாகத்துக்கு 25 ஆண்டுகள் முந்தைய சன்செட் வேலி என்ற ஊரில், பெல்லாவும் மார்ட்டிமரும் சிறுவர்களாக இருக்கிறார்கள். பெல்லாவுக்கு அப்போது பத்து வயது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாகத்தில் 35, இரண்டாம் பாகத்தில் 60. மார்ட்டிமருக்கு அந்தக் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அலெக்சாண்டரைப் பெல்லா ஏறக்குறைய ஐம்பது வயதில் பெற்றிருக்க வேண்டும். ஸ்ட்ரேஞ்ச்டவுனில் உலவும் பெல்லாவோ முதியவரே அல்லர். ஒரு தலைமுறை இடைவெளியாகச் சொல்லப்பட்ட 25 என்ற எண்ணை இருமுறை கூட்டியபோது, இளமை மாறாத அந்த முகத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை போலும். வயதைக் குறைக்கும் அமுதம் இரண்டாம் பாகத்தில் உண்டு என்று வாதிடலாம்; ஆனால் அது மார்ட்டிமருக்கு மட்டும் கிடைக்காமற்போனது ஏன்?

2014இல் வந்த நான்காம் பாகம் தனிக் காலவரிசை என்று அறிவிக்கப்பட்டதால், முந்தைய கணக்குகள் அதைக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே வில்லோ க்ரீக் என்ற ஊரில் பெல்லா கடத்தப்படவே இல்லை. கணவர் பிள்ளைகளோடு வசித்தபடி, ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறார். வேலை என்ன தெரியுமா? ரகசிய உளவாளி.