உயிருள்ள கலத்தைப் பார்க்கப் பழகுதல்

வணக்கம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் திருகோணமலை வளாகத்து விஞ்ஞான மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நல்ல நுணுக்குக்காட்டி வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அதன் முன் உட்காரப்போகிற ஆளைப் பழக்கவும் அதே அளவு பாடுபட வேண்டும்.

கலம் பிரியும்போது தோன்றி நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்நார்களைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருப்பீர்கள். அந்த நார்கள் உண்மையில் இருக்கின்றனவா என்பதே ஒரு காலத்தில் பெரிய சர்ச்சை. பதப்படுத்திக் கொன்ற கலத்தில் அவை தெரிந்தன, உயிருள்ள கலத்தில் சரியாகத் தெரியவில்லை. பதப்படுத்தியதால் வந்த கோடுகளோ என்று பலர் ஐயப்பட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் ஷின்யா இனூவே என்ற கல உயிரியலாளர் முனைவாக்கிய ஒளி (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) நுணுக்குக்காட்டியைத் தானே திருத்தித் திருத்தி அமைத்து, ஒரு கடற்புழுவின் உயிருள்ள முட்டையிலேயே அந்த நார்களைக் காட்டினார். சாயம் எதுவும் ஏற்றவில்லை. ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு, ஒளி பட்டதும் வேறு நிறத்தில் ஒளிரும் புளோரொளிர்வுச் சாயங்களும் புரதங்களும் வந்துவிட்டன. அவற்றோடு ஒரு தொல்லையும் வந்தது. பாய்ச்சுகிற ஒளியே கலத்துக்கு நஞ்சாகலாம். கடும் நீல ஒளி பட்டால் உள்ளே கலத்தின் பகுதிகளைச் சிதைக்கும் தாக்கமிக்க ஒட்சிசன் கூறுகள் உருவாகின்றன. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் துண்டுபடும், கலப்பிரிவு பாதியில் நின்றுபோகும். பழக்கமில்லாதவர் இதைத் தான் கொடுத்த மருந்தின் விளைவு என்று எழுதிவிடுவார். படமோ மிக அழகாக இருக்கும், அதனால் யாரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள். ஒளி படாத கலங்களையும் கூடவே வைத்து ஒப்பிடாத எந்தப் படத்தையும் நான் நம்புவதில்லை.

சரி, எங்கே தொடங்குவது? 1893இல் ஆகஸ்ட் கோலர் வகுத்த வெளிச்ச முறையில் தொடங்கலாம். விளக்குப் பக்கத்து இடைத்திரையை ஒடுக்குங்கள். அதன் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை, மாதிரிமேல் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை ஏற்றி இறக்கி, நடுவுக்குக் கொண்டுவந்து, பார்வைப்புலத்தைத் தாண்டும்வரை திறந்துவிடுங்கள். சில நிமிட வேலைதான். ஒவ்வொரு மாணவரும் தன் கையால் செய்ய வேண்டும், ஆசிரியர் செய்துவைத்துக் காட்டினால் போதாது.

அப்புறம் ஏர்ன்ஸ்ட் அபே 1873இல் சொன்ன எல்லை. 40 மடங்கு, 0.65 (ஒளியைச் சேர்க்கும் திறனைக் குறிக்கும் எண்) என்று பொறித்த பொருள்வில்லையில் பச்சை ஒளியில் ஏறக்குறைய 0.42 மைக்ரோமீற்றருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும். கைப்பேசியில் படமெடுத்து எவ்வளவு பெருப்பித்தாலும் பிரியாது. உருப்பெருக்கம் வேறு, பிரிவலு வேறு.

முலையூட்டிக் கலங்களை வளர்த்துப் பார்க்க 37 பாகை வெப்பமும் 5 வீதக் காபனீரொட்சைட்டும் வேண்டும். அதெல்லாம் பிறகு வரட்டும். நம்மிடம் ஐதரில்லா என்ற நீர்த்தாவரத்தின் இலை இருக்கிறது, உள்துறைமுகத்துத் தண்ணீரில் தயற்றங்கள் என்ற ஒருகல அல்காக்கள் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட புறாத்தீவுப் பவளத்தைத் தொடவே வேண்டாம். ஐதரில்லா இலையை மங்கிய ஒளியில் வைத்து, பச்சையவுருமணிகள் எங்கே இருக்கின்றன, எப்படி ஓடுகின்றன என்று வரையச் சொல்லுங்கள். பிறகு ஒளியைக் கூட்டி, சற்று நேரம் விட்டு, மறுபடி வரையச் சொல்லுங்கள். அவற்றின் இருப்பும் ஓட்டமும் மாறுவதைத் தாங்களே காண்பார்கள். ஒளியின் அளவையும் நேரத்தையும் படத்துக்குக் கீழே எழுதாத கொப்பியைத் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து இதைத் தொடங்குவதானால், முதல் வகுப்பை எடுக்க நான் வருகிறேன்.