ஐந்து காசு எங்கே போனது

வணக்கம் நேயர்களே.

போன மாதம் ஒரு ராத்திரி, சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். திரையில் எழுத்துகள் தானாக ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "நீ எழுதலையா, அதுவா எழுதுது?" என்றார். ஆமாம், செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதுகிறது என்றேன். "அப்ப உனக்கு இந்த வேலை புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

என் வேலை போய்விடுமா என்று உறவினர்கள் கேட்டிருக்கிறார்கள். எத்தனை மடங்கு வேகமாகிறது என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டது அம்மா ஒருவர்தான். வானொலியில் பேச அழைத்தபோது, இதைப் பற்றியே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு ஊர் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற வழியில் இருக்கிறது. 1877இல் இந்த மலேசிய நாட்டில் முதன்முதலாக ரப்பர்ச் செடி நட்ட இடம் கோலகங்சார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்த மரத்தை நம்பியே வாழ்ந்தன. அம்மா பதினெட்டு வருடம் பால்வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனால் கத்தி மரத்தைத் தொட்டுவிடும். அந்தக் காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும் என்பார். தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போடும் வேலைக்குப் போனார். சம்பளம் ஒன்றும் குறையவில்லை. ஆனால் பால்வெட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி அந்த வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. அதனால் அவர் கேட்ட கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் நிரல் எழுதிப் பிழைப்பவள். கம்ப்யூட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லிக் கொடுக்கிற வேலை. 2021இல் கிட்ஹப் கோபைலட் என்ற நிரல் எழுத உதவும் கருவி முன்னோட்டமாக வந்தபோது, நாம் தொடங்கிய வரியின் மிச்சத்தை ஊகித்துக் காட்டியது. இன்றைய கருவிகளிடம் விவரத்தைச் சொன்னால் போதும். முழு நிரலையும் எழுதி, ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் தாமே திருத்தவும் செய்கின்றன.

சரி, இதில் இன்பம் கூடியதா, குறைந்ததா? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் மாமா ஒருவர் சின்னத் தோட்டக்காரர்களிடம் செம்பனைப் பழத்தை எடைபோட்டு வாங்குகிறார். ஒரு நடைக்கு ஓர் எடைச் சீட்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரவர் சீட்டுகளைக் கூட்டிப் பணத்தை ரொக்கமாகக் கொடுப்பார். இதற்கு ஒரு நிரல் வேண்டும் என்றார். நான் உதவிக் கருவியிடம் விவரத்தைச் சொன்னேன். தே ஓ ஆறுவதற்குள் முந்நூறு வரி வந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

மூன்றாவது பட்டுவாடாவின்போது ஒரு பெரியவர் சீட்டுகளோடு வந்தார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறார். சீட்டின் பின்பக்கம் பென்சிலால் கூட்டியிருந்தார். "பாப்பா, இதுல அஞ்சு காசு குறையுதே" என்றார்.

அன்றைய விலை டன்னுக்கு 812 வெள்ளி, அதாவது ரிங்கிட். அவர் போட்டது மூன்று நடை: 343 கிலோ, 402 கிலோ, 318 கிலோ. மொத்தம் 1,063 கிலோ, அதாவது 863 வெள்ளி 16 காசு. 2008 ஏப்ரலிலிருந்து ஒரு காசு நாணயம் தேவைப்படாதபடி, ரொக்கக் கணக்கின் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்கிறோம் இல்லையா? அந்த வழக்கப்படி அவருக்கு 863 வெள்ளி 15 காசு வர வேண்டும். நிரல் 863 வெள்ளி 10 காசு என்று அச்சடித்திருந்தது.

கருவியிடமே கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, சம்பந்தமில்லாத ஓர் இடத்தைத் திருத்திக் கொடுத்தது. தொகை மாறவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி மன்னிப்பு, மறுபடி வேறோர் இடம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது: என் பெயரில் ஓடுகிற நிரல், ஆனால் அதில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நானே எழுதிய நிரலாக இருந்தால், குறை காதில் விழுந்த உடனேயே இந்த இடமாகத்தான் இருக்கும் என்று மனது ஓடியிருக்கும்.

கருவியை மூடினேன். பெரியவரின் பென்சில் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகக் கையால் கணக்கிட்டேன். முதல் சீட்டு 278 வெள்ளி 52 காசு. நிரலோ அதை 278.50 என்று வைத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது 326.42, நிரலில் 326.40. மூன்றாவது 258.22, நிரலில் 258.20. கிடைத்துவிட்டது! மொத்தத்தில் ஒரே ஒருமுறை செய்ய வேண்டிய சரிக்கட்டலை அது சீட்டுக்குச் சீட்டு செய்து, ஒவ்வொன்றிலும் இரண்டு காசை உதிர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு வரியை இடம் மாற்றினேன். 863.15 வந்தது. பெரியவருக்கு ஐந்து காசைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, எண்ணிய மற்றப் பணத்தோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அந்த வாரம் முழுவதிலும் நான் ரசித்துச் செய்த வேலை அந்த நாற்பது நிமிடம்தான். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நிரல் எழுதுவதில் இன்பம் என்பது விரலால் தட்டுவதில் இருப்பதாக நான் என்றைக்கும் நினைத்ததில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியாமல் தவிக்கிற நேரமும், சட்டென்று தெரிந்துபோகிற நொடியும் சேர்ந்துதான் அந்த இன்பம். தவிப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் அந்த நொடியும் அவர்களோடு போய்விடுகிறது.

இன்னொன்றும் போகிறது. வேலையின் தாளம். முன்பெல்லாம் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது. இப்போது கேட்கிறேன், காத்திருக்கிறேன், கைபேசியை எடுக்கிறேன், வந்ததைப் படிக்கிறேன், மறுபடி கேட்கிறேன். நாள் முடியும்போது வேலை நிறைய முடிந்திருக்கிறது. ஆனால் மத்தியானம் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், தாங்கள் நன்றாகப் பழகிய நிரல்களில், 246 வேலைகளைச் செய்தார்கள். சில வேலைகளுக்குக் கருவி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. கருவியால் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று தொடங்கும்போது நம்பினார்கள். முடித்த பிறகு 20 சதவீதம் மிச்சமானது என்று சொன்னார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் 19 சதவீதம் கூடுதலாக ஆகியிருந்தது. அவை அன்றைய கருவிகள், அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டன. எனக்கு இதில் வேகத்தைவிட அந்த நினைப்புதான் பெரிதாகப் படுகிறது. நேரம் கூடியும் குறைந்ததாக ஏன் தோன்றியது? மூளைக்குப் பாரம் குறைந்திருக்கலாம். சுலபமாக இருந்ததை வேகம் என்று மனது எடுத்துக்கொண்டிருக்கலாம். சுலபமாக இருந்ததையே பிடித்திருக்கிறது என்று நானும் பல நாள் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் பழைய புலம்பல் என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. 1957இல், நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிற ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் வந்தபோதும், இயந்திர மொழியில் கையால் எழுதியவர்கள் நம்பவில்லை, பிறகு எல்லாரும் மாறிவிட்டார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஃபோர்ட்ரானை நம்பி ஒப்படைத்துவிடலாம். ஒரே வரியைக் கொடுத்தால் ஒரே மாதிரி மாற்றித் தரும், அது தந்ததை யாரும் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. இன்றைய கருவி இன்றைக்கு ஒன்று எழுதும், நாளைக்கு அதையே வேறு மாதிரி எழுதும். அதனால் நான் படித்தே ஆக வேண்டும். அடுத்தவர் எழுதியதைப் படிப்பது எங்கள் வேலையிலேயே களைப்பூட்டுகிற பகுதி. அந்தப் பகுதிதான் இப்போது பெருகியிருக்கிறது.

இப்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை காலையில் நாங்கள் சிலர் சேர்ந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் சொல்லிக் கொடுக்கிறோம். முன்பு பாதிப் பிள்ளைகள் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்கள். பிழை வந்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் ஆங்கிலம் கொட்டும். கணக்கு நன்றாக வருகிற பிள்ளைகூட அதைப் பார்த்து மிரண்டு போகும். இப்போது அந்தச் சிவப்பு எழுத்தை அப்படியே கருவிக்குக் கொடுத்து, "இது என்ன சொல்லுது?" என்று தமிழில் கேட்கிறார்கள். தமிழில் பதில் வருகிறது. கொஞ்சம் புத்தகத் தமிழ்தான், ஆனால் புரிகிறது. இந்த வருடம் ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை. மொழி தெரியாத குற்றத்துக்காக வாசலிலேயே நின்ற பிள்ளைகள் உள்ளே வந்திருக்கிறார்கள். இதற்காக அந்தக் கருவிக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம். பிழையை விளக்கச் சொல்லலாம், நிரலை எழுதித் தரச் சொல்லக் கூடாது. தீபாவளிக்கு முன்பு, ஆறாம் ஆண்டில் படிக்கிற ஒரு பெண் திரையில் கோலம் வரைந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் நகர், கொஞ்சம் திரும்பு என்று ஆமைக்குச் சொல்வது மாதிரி எழுதுகிற பயிற்சி அது. ஐங்கோணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் 72 பாகை திரும்ப வேண்டும். அவள் இரண்டு மடங்காக்கி 144 என்று எழுதிவிட்டாள். ஐந்து கோட்டில் ஒரு நட்சத்திரம் வந்து விழுந்தது. "அக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் எழுந்து ஓடினோம். பிறகு 100 போட்டால் என்ன, 160 போட்டால் என்ன என்று ஆள் ஆளுக்குப் போட்டுப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்கள். ஐங்கோணம் வரைந்து கொடு என்று கருவியிடம் கேட்டிருந்தால் சரியான ஐங்கோணம் வந்திருக்கும். நட்சத்திரம் வந்திருக்காது.

பிள்ளைகளுக்கு வைத்த மாதிரி இப்போது எனக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். அலுவலக வேலையில் சலிப்பான பகுதிகளைக் கருவிக்குக் கொடுக்கிறேன். படிவங்கள், அட்டவணைகள், நூறு முறை எழுதிய அதே வரிகள், எல்லாம் அதன் கையில். கணக்கும் முடிவும் இருக்கிற பகுதியை நானே எழுதுகிறேன், நேரம் ஆனாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போன வாரம் சொன்னேன்: "நான் எழுதுற பகுதி புடிச்சிருக்கும்மா." அம்மா தலையாட்டிவிட்டு, அது எது என்று காட்டச் சொன்னார். ஐந்து காசு திரும்பி வந்த அந்த ஒரு வரியைக் காட்டினேன்.

மாமா இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார். பழுக்காத குலைகள் கலந்து வந்தால் அந்த நடைக்கு எவ்வளவு குறைப்பது என்ற கணக்கையும் நிரலில் சேர்க்க வேண்டுமாம். பெரியவர்களிடம் சண்டை வராத மாதிரி, சீட்டிலேயே காரணம் தெரிகிற மாதிரி வேண்டும் என்கிறார். நல்ல கஷ்டமான கணக்கு. அதை இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.